டிரைவரோட மூடி

நான் கட்டுன டி-72 டாங்க்கோட பிளாஸ்டிக் மாடல் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. பெயிண்ட் முடிஞ்சுது, துரு முடிஞ்சுது, சாம்பல் முடிஞ்சுது, பேஸும் ரெடி, கீழ சேறு, உடைஞ்ச தார் ரோடு, காஞ்ச புல்லு எல்லாம் போட்டாச்சு. ஆனா டாங்க்கை பேஸ் மேல சும்மா தான் வச்சிருந்தேன், ஒட்டல. தூசி படியக்கூடாதுன்னு கேக் டப்பாவோட பெரிய மூடி ஒண்ணைக் கவுத்து வச்சிருந்தேன். பாக்குறவங்க எல்லாரும் "சூப்பரா இருக்கே, கண்ணாடிப் பெட்டி செஞ்சு ஹால்ல வைக்கலாமே"ன்னு சொல்லுவாங்க, வைக்கலாம்னு நானும் சொல்லுவேன். ஒரு துளி எபாக்சி பசை வேலை தான், அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷ வேலையை நாலு மாசம் தள்ளுனதுக்குக் காரணம், அதுல டிரைவர் தலைக்கு மேல இருக்குற மூடி. நிஜத்துல ஒரு ஆள் நுழையுற அளவு தான் இருக்கும், என் மாடல்ல என் சுண்டுவிரல் நகத்தை விட கொஞ்சம் பெருசு, அவ்வளவு தான்.

நான் ஆவடில பொறந்து வளந்தவ. அப்பா அங்க டாங்க் செய்யுற ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு. குவார்ட்டர்ஸ்ல இருக்கும்போது சாயங்காலம் டெஸ்ட் டிராக்ல வண்டி ஓடுச்சுன்னா அந்த சத்தம் காதுல கேக்குறதுக்கு முன்னாடி கால்ல தெரியும், தரை லேசா அதிரும், அம்மா அடுப்புல இருக்குற பாத்திரத்தைப் பிடிச்சுக்குவாங்க. அந்த ஃபேக்டரில இருந்து தான் 1965-ல முதல் விஜயந்தா டாங்க் வெளிய வந்துச்சு, எண்பதுகளோட கடைசில இருந்து டி-72எம்1-ஐ அஜேயாங்கற பேர்ல செஞ்சாங்க, அப்புறம் டி-90, அர்ஜுன். அப்பாவோட சர்வீஸ்ல பாதி அஜேயா தான். ஆனா வீட்டுல டாங்க் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. ஃபேக்டரி விஷயம் கேட் தாண்டி வரக்கூடாதுங்கறது அவருக்கு மதம் மாதிரி. நான் பிளாஸ்டிக் டாங்க் கட்ட ஆரம்பிச்சது முப்பது வயசுக்கு மேல, அதுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லன்னு தான் ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேன். இப்ப யோசிச்சா, அவரு சொல்லாத விஷயத்தை எல்லாம் நானே கையால தொட்டுப் பாக்கணும்னு இருந்திருக்கு போல. முதல்ல கட்டுனதெல்லாம் சுத்தமான வண்டிங்க, பரேடுக்குப் போற மாதிரி. எரிஞ்ச டாங்க் கட்டணும்னு தோணுனது பெர்லின் போட்டோவைப் பாத்த அப்புறம்.

2023 பிப்ரவரி 24, உக்ரைன் போர் ஆரம்பிச்சு சரியா ஒரு வருஷம். பெர்லின்ல உன்டர் டென் லிண்டன் ரோட்ல, ரஷ்ய தூதரகத்துக்கு எதிர்ல, ஒரு டிரெய்லர் மேல எரிஞ்ச டி-72பி1 ஒண்ணைக் கொண்டு வந்து நிறுத்துனாங்க. குழல் தூதரகத்தைப் பாத்து நின்னுச்சு. கீவுக்கு மேற்கால இருக்குற திமித்ரிவ்கா ஊர் கிட்ட 2022 மார்ச் 31-ல மைன்ல, அதாவது கண்ணிவெடில, மாட்டுன வண்டி அது. பொதுமக்களைக் கொன்னு போட்ட புச்சால்லாம் அந்தப் பக்கம் தான், ரஷ்யப் படை கீவை விட்டுட்டுப் பின்வாங்கிட்டிருந்த நேரம். எனக்கு அந்த வண்டியைப் பாத்ததும் மனசுல நின்னது, டரட், அதாவது குழல் மாட்டியிருக்குற சுழலுற மேல் பகுதி, அதோட இடத்துலயே இருந்தது தான். அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா நெட்ல வந்ததெல்லாம் டரட் தனியா பறந்து விழுந்த படங்க. டி-72-ல குண்டைத் தானாவே ஏத்துற ஆட்டோலோடர் இருக்கு, டரட்டுக்குக் கீழ தரையில ஒரு ராட்டினம் மாதிரி 22 ரவுண்ட் படுத்திருக்கும், குண்டு தனி, அதைத் தள்ளுற மருந்து, சார்ஜ், தனி, சார்ஜோட உறையே எரியக்கூடிய பொருள். அது மேல தான் கமாண்டரும் கன்னரும் உக்காந்திருப்பாங்க. அதுல தீ பிடிச்சு மொத்தமா வெடிச்சா பல டன் எடை உள்ள டரட் மேல தூக்கி வீசப்படும். அந்தப் படங்களுக்குக் கீழ ஜனங்க போடுற சிரிப்பு பொம்மையெல்லாம் பாத்துட்டு, கட்டுனா இந்த மாதிரி ஒண்ணு கட்டக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். பெர்லின் டாங்க் அப்படி இல்ல, முழுசா, அமைதியா, ஆரஞ்சு கலர்ல நின்னுச்சு. அன்னிக்கே ட்ரம்பெட்டர் கம்பெனியோட டி-72பி1 கிட், 1/35 ஸ்கேல், அதாவது நிஜ அளவுல 35-ல ஒரு பங்கு, ஆர்டர் போட்டேன்.

துரு

எரிஞ்ச இரும்பும் துருப்பிடிச்ச இரும்பும் ஒண்ணு கிடையாது. இதை நான் புரிஞ்சுக்க ரெண்டு மாசம் ஆச்சு. காசிமேட்டுல போய் பழைய படகு, நங்கூரம், சங்கிலி எல்லாம் போட்டோ எடுத்துட்டு வந்து அந்த மாதிரியே அடர் பிரவுன்ல அடிச்சேன், பாக்க நல்லா தான் இருந்துச்சு, ஆனா பழைய வண்டியா தெரிஞ்சுதே தவிர எரிஞ்ச வண்டியா தெரியல. அப்புறம் ஒரு நாள் திருவள்ளூர் ரோட்ல போகும்போது ஓரமா எரிஞ்ச ஆம்னி வேன் ஒண்ணு நின்னுச்சு. எரிஞ்சு ஒரு வாரம் தான் இருக்கும், நடுவுல ஒரு மழை பெஞ்சிருந்துச்சு. ஸ்கூட்டரை நிறுத்திட்டு பக்கத்துல போய் அரை மணி நேரம் பாத்தேன். துரு மெலிசா, மாவு மாதிரி, ஒரே சீரா, மஞ்சள் கலந்த ஆரஞ்சுல படிஞ்சிருந்துச்சு. பெயிண்டும் எண்ணெயும் முழுசா போய் வெறும் இரும்பு நிக்குது, அதுல ஒரு ராத்திரி ஈரம் பட்டாலே போதும். ஜன்னலுக்கு மேல மட்டும் நாக்கு நாக்கா கருப்பு. சூடு கம்மியா பட்ட பின் கதவோட கீழ் மூலையில பழைய நீல பெயிண்ட் அப்படியே இருக்கு, அதுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு வெளிறிப்போன சாம்பல் கலர் ஓரம். டயர் இருந்த இடத்துல வெள்ளை சாம்பல், அதுக்குள்ள பின்னிக் கிடக்குற கம்பி. கையை வச்சுப் பாத்தேன், விரல்ல ஆரஞ்சு ஒட்டுச்சு, வீட்டுக்கு வந்து சோப்பு போட்டும் நகக்கண்ணுல ரெண்டு நாள் இருந்துச்சு.

வந்ததும் அடிச்ச பிரவுனை எல்லாம் தின்னர் போட்டுத் துடைச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். கருப்பு பிரைமர், அது மேல வெளிர் ஆரஞ்சு மூணு விதமா கலந்து ஏர்பிரஷ்ல புகை மாதிரி, பச்சை மிச்சம் இருக்க வேண்டிய இடத்துல மட்டும் ஹேர்ஸ்ப்ரே அடிச்சு அது மேல பச்சை, காஞ்சதும் ஈர பிரஷ்ஷால தட்டித் தட்டி உரிச்சேன். வீலுக்கு மேல மூடியிருக்குற தகடு, ஃபெண்டர், பெரிய தலைவலி. கிட்ல வர்ற பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் தடிமன்னு வச்சுக்கங்க, 35-ஆல பெருக்குனா மூணரை சென்டிமீட்டர் தகடு ஆயிடும், நிஜத்துல அது மெல்லிசான தகரம், எரிஞ்சா வாடுன வாழை இலை மாதிரி சுருளும். கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டி, கேஸ் அடுப்புல லேசா காட்டி இளக்கி, பழைய ஃபெண்டரை அச்சா வச்சு செஞ்சு, கட்டை விரலால கசக்கி ஒட்டுனேன். அடுத்தது உயரம். டார்ஷன் பார்னு ஒரு நீள முறுக்குக் கம்பி தான் ஒவ்வொரு வீலையும் கீழ தள்ளிப் பிடிச்சு நாப்பது டன்னுக்கு மேல இருக்குற உடம்பை நிமுத்தி வைக்குது, ரொம்ப நேரம் எரிஞ்சா அந்த எஃகு பதம் போய் வண்டி வயித்தை தரைக்குக் கொடுத்து உக்காந்துடும். அதனால பன்னெண்டு சஸ்பென்ஷன் கையையும் வெட்டி மேல் நோக்கித் திருப்பி ஒட்டுனேன். மைன்ல போன வண்டிங்கறதால வீலைச் சுத்தி ஓடுற சங்கிலிப் பட்டை, டிராக், அதை இடது பக்கம் ரெண்டாவது வீல் கிட்ட அறுத்து பின்னாடி இழுத்து விட்டேன். இது நானா முடிவு பண்ணது, அப்ப அதைப் பத்தி பெருசா யோசிக்கல.

ரோட் வீல்ல சுத்தி இருக்குற ரப்பர் எரிஞ்சு போயிருக்கணும், அதுக்கு பன்னெண்டு ஜோடி வீலோட ஓரத்தையும் அரத்தால ராவணும், ஒரு வீலுக்கு இருபது நிமிஷம். அந்த ரப்பர் சாம்பல் தான் எனக்கு எந்தக் கடை பிக்மென்ட் பொடிலயும் அமையல. வெள்ளையா இருந்தா சுண்ணாம்பு மாதிரி தெரியுது, சாம்பல் கலர்னு வாங்குனா சிமெண்ட் மாதிரி தெரியுது. ஒரு நாள் காலைல சாமி ரூம்ல திருநீத்துக் கிண்ணத்தைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டேன். அந்த நுணுக்கம், வெள்ளையும் இல்லாம சாம்பலும் இல்லாத அந்த நிறம், விரல்ல எடுத்தா வழுக்குற அந்தத் தன்மை. ஒரு சிட்டிகை எடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல கரைச்சு வீலுக்கு அடியில சொட்டு விட்டு காய வச்சேன். அச்சு அசலா ஆம்னி வேனுக்கு அடியில பாத்த அதே சாம்பல். அம்மா அன்னிக்கு வீட்டுல இருந்தாங்க. கிண்ணம் என் டேபிள்ல இருக்குறதைப் பாத்துட்டு என்ன பண்றேன்னு கேட்டாங்க, சொன்னேன். திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன். கொஞ்ச நேரம் டாங்க்கைப் பாத்துட்டு, "வீலுக்கு மட்டும் ஏன் போடுற"ன்னு கேட்டுட்டு கிண்ணத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க கேட்டது எனக்கு அன்னிக்குப் புரியல. பெயிண்டிங் சம்பந்தமா ஏதோ கேக்குறாங்கன்னு தான் எடுத்துக்கிட்டேன்.

மாடல் கட்டுற எங்க குரூப்ல போட்டோ போட்டதும் பாராட்டு குவிஞ்சுது. துரு அள்ளுது, ஃபெண்டர் உயிரோட்டமா இருக்கு, வீல் சாம்பலுக்கு என்ன பிராண்ட்னு ஒரே கேள்வி. சந்தோஷமா தான் இருந்தேன், ஆறு மாச வேலை.

அப்பா கேட்டது

அப்பா என் வீட்டுக்கு வந்தா நேரா பால்கனிக்குப் போய் பேப்பரோட உக்காந்துடுவாரு. அன்னிக்கு கரண்ட் இல்ல, வெளிச்சம் என் டேபிள் பக்கத்து ஜன்னல்ல தான் இருந்துச்சு, அங்க வந்து உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல பேப்பர் மடிக்கிற சத்தம். திரும்பிப் பாத்தா கண்ணாடியை நெத்தி மேல ஏத்திட்டு டாங்க்கை ரெண்டு கையாலயும் தூக்கி மூக்கு கிட்ட வச்சுப் பாத்துட்டிருக்காரு. எங்கப்பா ஒரு டாங்க்கைத் தொட்டு நான் பாத்தது அது தான் முதல் தடவை. முதல்ல வீலைத் தட்டுனாரு. "இதுக்கு ஏன் பாப்பா துரு போட்ட? இது அலுமினியம்." நான் ஒண்ணும் பேசல. "அலுமினியம் துருப்பிடிக்காது. வெளுத்துப் போகும், இல்லன்னா உருகி வழியும், மெழுகுவர்த்தி மாதிரி கீழ கட்டியா கெடக்கும்." அத்தனை பேரு பாத்துப் பாராட்டுன துரு, ஒருத்தர் கண்ணுக்கும் படல, எனக்கும் படல. பல வருஷம் அந்த வண்டியோட வேலை பாத்தவருக்கு ஒரு பார்வைல தெரிஞ்சுது. எனக்கு அந்த நிமிஷம் கூச்சமும் இல்ல, கோவமும் இல்ல, இவரு பேசுறாரேங்கற பரவசம் தான். ஃபெண்டரைப் பாத்து தலையாட்டுனாரு. உக்காந்திருக்குற உயரத்தைப் பாத்து "ஆமா, டார்ஷன் பார் பதம் போனா இப்படித்தான்"ன்னாரு. அப்புறம் முன்னாடி பக்கம் திருப்புனாரு. அங்க நின்னுட்டாரு.

"டிரைவர் மூடி மூடியிருக்கு."

"ஆமாப்பா."

"மேல ரெண்டும் திறந்திருக்கு."

கமாண்டர், கன்னர் மூடி ரெண்டையும் நான் திறந்து வச்சதுக்குக் காரணம் அழகு தான். திறந்த மூடில இருந்து கரி மேல ஏறுன மாதிரி அடிச்சா நல்லா இருக்கும். டிரைவர் மூடி கிட்ல தனி பார்ட்டா வருது, எப்படி வேணா ஒட்டலாம்னு விட்டிருந்தாங்க, ரெண்டு திறந்தாச்சு ஒண்ணு மூடி இருக்கட்டும், கண்ணுக்கு ஒரு சமநிலை வேணும்னு மூடி ஒட்டுனேன். ஒரு நொடி கூட யோசிக்கல. அப்பா விரலால குழலைத் தொட்டு கொஞ்சம் கீழ இறக்குனாரு, அது தளர்வா தான் இருந்துச்சு, தானா தாழ்ந்து மூடிக்கு மேல வந்து நின்னுச்சு. "டிரைவர் சீட்டு, லீவரு, இந்த மூடி, இதெல்லாம் தான் என் வேலை. இது மேல தூக்கி அப்புறம் பக்கவாட்டுல திரும்பணும். குழல் இப்படி தாழ்ந்து நின்னுட்டா முழுசா திறக்க வழியில்ல. அவன் எப்படி வந்தான்?"

அவன் எப்படி வந்தான். அப்பா அதை எந்த உணர்ச்சியும் காட்டாம, ஒரு இன்ஸ்பெக்ஷன்ல கேக்குற மாதிரி தான் கேட்டாரு. எனக்கு பதில் இல்ல. நான் வச்சிருந்த போட்டோ எல்லாம் பக்கவாட்டுல இருந்து எடுத்தது, மூடி எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணுலயும் பாக்க முடியல. அப்பா டாங்க்கைக் கீழ வச்சுட்டு பேப்பரை எடுத்துக்கிட்டாரு. கரண்ட் வந்துச்சு. அவ்வளவு தான் நடந்துச்சு.

திறந்தா, மூடினா

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மூடியைப் பிச்சுத் திறந்து ஒட்டலாம், ரெண்டு நிமிஷ வேலை. திறந்து ஒட்டுனா அவன் வெளிய வந்துட்டான்னு அர்த்தம். மூடி ஒட்டுனா வரலன்னு அர்த்தம். ஒரு ட்வீசரும் ஒரு துளி க்ளூவும் வச்சுக்கிட்டு நான் யாரு அதை முடிவு பண்றதுக்கு? அதே சமயம், முடிவு பண்ணாம இந்த மாடலை முடிக்கவும் முடியாது. மூடி ஏதாவது ஒரு நிலையில இருந்து தான் ஆகணும். இத்தனை வருஷத்துல நான் பாத்த எத்தனை எரிஞ்ச டாங்க் மாடல்ல மூடி திறந்திருந்துச்சு, எத்தனையில மூடியிருந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணு கூட ஞாபகம் வரல. துரு ஞாபகம் இருக்கு, குண்டு துளைச்ச ஓட்டையோட விளிம்பு ஞாபகம் இருக்கு, ரேடியோ ஆன்டெனாவோட வளைவு கூட ஞாபகம் இருக்கு. நாங்க ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை இருக்கணும்னு சொல்லுவோம், அந்தக் கதை எப்பவுமே இரும்புக்கு நடந்த கதை தான். உள்ள மூணு சீட்டு இருக்குங்கறதை மறக்குறதுக்கு நாங்க யாரும் தனியா முயற்சி எடுக்கல, வெளிப்பக்கம் மட்டுமே செய்யுற கலைல அது தானா மறந்து போகுது. அம்மா திருநீறு பத்தி கேட்டது எனக்கு அப்ப தான் உறைச்சுது. வீலுக்கு மட்டும் ஏன் போடுறன்னு.

இன்னொரு விஷயமும் தெளிவா சொல்லணும். அந்த டாங்க் அடுத்தவன் ஊருக்குள்ள போன டாங்க். அது போன பாதையில என்னென்ன நடந்துச்சுன்னு உலகமே பாத்துச்சு. டிரைவர் மேல இரக்கம் வந்ததால வண்டி மேல எனக்கு இரக்கம் வந்துடல, வரவும் வேண்டாம். கீவ்ல மிகைல் சதுக்கத்துல எரிஞ்ச ரஷ்ய வண்டிகளை 2022 மே மாசத்துல இருந்து வரிசையா நிறுத்தி வச்சாங்க, அதுல ஜனங்க ஏறி நின்னு போட்டோ எடுத்தாங்க, அதுக்கு அவங்களுக்கு முழு உரிமை இருக்குன்னு தான் நான் நெனைக்கிறேன். அவங்க வீடு அது. ஆனா நான் அம்பத்தூர்ல உக்காந்து கட்டுறவ. எனக்கு அந்த உரிமை கிடையாது, அந்த வலியும் கிடையாது. எனக்கு இருக்குறது கையில ஒரு மூடி.

பெர்லின் டாங்க் பத்தி அதுக்கப்புறம் தேடிப் படிச்சேன். அந்த வண்டியை அங்க வைக்க அந்தப் பகுதி நிர்வாகம் முதல்ல அனுமதி தரல. அவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, இந்த டாங்க்குக்குள்ள மனுஷங்க செத்திருக்கலாம், அதைக் காட்சிக்கு வைக்கிறது சரியில்லங்கறது. கேஸ் கோர்ட்டுக்குப் போய், 2022 அக்டோபர்ல அனுமதி கொடுக்கணும்னு கோர்ட் சொன்ன அப்புறம் தான் வந்துச்சு. வச்ச கொஞ்ச நாள்லயே அது மேல சிவப்பு ரோஜாவா வந்து குவிஞ்சுது. ரஷ்யாவுக்கு ஆதரவானவங்க நிறைய பேர் கொண்டு வந்து வச்சாங்க, உக்ரைன் பக்கம் நின்னவங்க அதை எடுத்துப் போட, தகராறு ஆச்சு. நான் முதல் தடவை அந்தப் படத்தைப் பாத்தப்ப ரோஜா செய்யணும்னு தான் ஆசைப்பட்டேன். ஆரஞ்சு துரு மேல சிவப்பு, எவ்வளவு நல்லா இருக்கும். டிஷ்யூ பேப்பரை சிவப்பு மையில நனைச்சு, ஊசி முனைல சுத்தி, ரெண்டு மில்லிமீட்டர் சைஸ்ல பதினோரு ரோஜா செஞ்சும் வச்சிருந்தேன். அப்பா கேட்ட அன்னிக்கு அதை எடுத்து தீப்பெட்டில போட்டு மூடிட்டேன். அந்த ரோஜா வண்டிக்கு வச்ச ரோஜா, கட்சிக்கு வச்ச ரோஜா. அந்த ஆபீஸ் ஃபைல்ல யாரோ ஒரு அதிகாரி எழுதுன "உள்ள மனுஷங்க செத்திருக்கலாம்"ங்கற வரி எனக்கு அத்தனை ரோஜாவை விடவும் பெருசா தெரிஞ்சுது.

கட்டிலுக்கு அடியில

ரெண்டு வாரம் கழிச்சு ஆவடி போயிருந்தேன். சாப்புட்டு முடிச்சதும் நானா கேட்டேன், "அப்பா, குழல் மூடிக்கு மேல நின்னுடுச்சுன்னா அவனுக்கு வேற வழியே இல்லையா?" அவரு உடனே பதில் சொன்னதைப் பாத்தா அவரும் அதையே யோசிச்சிட்டிருந்திருக்காருன்னு தான் தோணுச்சு. "தரையில ஒரு மூடி இருக்கு. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி. எமர்ஜென்சிக்கு." எவ்வளவு இடம் இருக்கும்னு கேட்டேன். வண்டியோட வயித்துக்கும் தரைக்கும் நடுவுல அரை மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அப்பா சுத்திப் பாத்துட்டு அவரோட கட்டிலைக் காட்டுனாரு. "இது அளவு தான் இருக்கும்." அந்தக் கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்க் பெட்டி, பழைய செருப்பு, ஒரு முறம் இருந்துச்சு. "நான் ஒரு தடவை அது வழியா இறங்கிப் பாத்திருக்கேன். ஷாப் தரை, சிமெண்ட், நல்ல வெளிச்சம், பக்கத்துல நாலு பேரு. அதுலயே தோள் சிக்கிடுச்சு. முதல்ல காலை விட்டா இடுப்பு மாட்டும், தலையை விட்டா கை மடங்காது." அவரோட வலது தோளை இடது கையால தடவிக்கிட்டாரு. தரை சேறா இருந்தா, ராத்திரியா இருந்தா, உள்ள தீ எரிஞ்சா அதெல்லாம் என்ன ஆகும்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அப்பா வேலையை விட்டு இத்தனை வருஷம் கழிச்சு, அவரு செஞ்ச வண்டியில எங்கயோ யாரோ ஒருத்தன் அந்த மூடியைத் தேடுவான்னு நெனச்சுப் பாத்திருக்காருங்கறதே எனக்குப் புதுசு.

வீட்டுக்கு வந்து டாங்க்கைத் திருப்பிப் போட்டேன். அடியில நான் பிரைமர் கூட ஒழுங்கா அடிக்கல, பேஸ்ல ஒட்டுனா யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டிருந்தேன். ஒரு பென்சில் கோடு போட்டு, முனை மாத்துன கத்தியால அந்த மூடி அளவுக்கு மெதுவா கீறி, திரும்பத் திரும்ப கீறி, முக்கால் மணி நேரத்துல வெட்டி எடுத்தேன். ஓரத்தை ராவி மெல்லிசாக்கினேன். வெட்டுன ஓட்டை வழியா பாத்தா உள்ள வெறும் இருட்டு, கிட்ல உள்பக்கம் எதுவும் வராது. ஒரு பிளாஸ்டிக் துண்டுல சீட்டோட முதுகு மட்டும் செஞ்சு உள்ள ஒட்டுனேன். கரி அடிச்சேன். வீல்ல இருந்த துருவை எல்லாம் எடுத்துட்டு வெளுத்த சாம்பல் கலரா மாத்துனேன், ரெண்டு வீலுக்குக் கீழ உருகி வழிஞ்ச அலுமினியமா, ஈயப் பத்துல ஒரு சொட்டு. மேல டிரைவர் மூடி மூடினபடியே இருக்கு, குழல் அப்பா இறக்கி விட்ட இடத்துலயே.

அதுக்கப்புறமும் ஒட்ட முடியாததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. கீழ ஒரு வழியைத் திறந்து விட்டாச்சு, சரி. ஆனா அந்த வண்டிக்கு வந்தது மைன். மைன் கீழ இருந்து தான் வெடிக்கும். வெளிய போக நான் திறந்து வச்ச வழியிலயே தான் அதுவும் வந்திருக்கும்னா, நான் செஞ்சதுக்கு என்ன அர்த்தம்? இதை யாருகிட்டயும் சொல்லல. கேக் டப்பா மூடியைப் போட்டு மூடிட்டு வேற ஒரு கிட் எடுத்து ஆரம்பிச்சேன், அதுல மனசு போகல.

போன ஞாயித்துக்கிழமை அப்பா வந்தாரு. இந்தத் தடவை கரண்ட் இருந்துச்சு, இருந்தும் பால்கனிக்குப் போகாம நேரா டேபிளுக்கு வந்தாரு. நான் கேக் டப்பா மூடியை எடுத்துட்டு டாங்க்கைத் திருப்பி வயித்துப் பக்கமா அவரு கையில கொடுத்தேன். கண்ணாடியை நெத்தி மேல ஏத்துனாரு. ஓட்டையோட ஓரத்தை நகத்தால தடவிப் பாத்தாரு. ஜன்னல் பக்கம் திருப்பி உள்ள எட்டிப் பாத்தாரு, சீட்டைப் பாத்திருப்பாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. நானே தான் சொன்னேன், "ஆனா மைன்ல போன வண்டிப்பா அது. கீழ இருந்து தானே."

அப்பா டாங்க்கை நேரா திருப்பி, சுத்தி ஒரு தடவை பாத்தாரு. இடது பக்கம் வந்ததும் நிறுத்தி, ரெண்டாவது வீல் கிட்ட அறுந்து தொங்குற டிராக்கை ஆட்காட்டி விரலால தொட்டாரு.

"நீ தான் இந்தப் பக்கம் டிராக்கை அறுத்து விட்டிருக்கியே. அப்ப மைன் இங்க தான் வெடிச்சிருக்கு. டிராக் மேல. நடுவுல இல்ல."

நான் அவரையே பாத்துட்டிருந்தேன். அவரு என்னைப் பாக்கல.

"நடுவுல ஒண்ணும் ஆகியிருக்காது," ன்னாரு. டாங்க்கை என் கையில கொடுத்தாரு. "சரி, ஒட்டிடு."